குறைக்கத் தெரிஞ்சா, ஈக்வலைசர் வீட்டுக்கு வரட்டும்

மேல படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க போன்ல இருக்கிற ஈக்வலைசரைத் திறந்து பாருங்க. இடது ஓரம் மேல, நடுவுல பள்ளம், வலது ஓரம் மறுபடியும் மேல. சிரிக்கிற வாய் மாதிரி ஒரு கோடு. சரியா? எங்க ஹாஸ்டல் பிளாக்ல முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வச்சிருக்காங்க. மிச்சம் பேர் அதைத் தொடவே மாட்டாங்க. ஏன்னு கேட்டா, "ஒரிஜினல் சவுண்டைக் கெடுக்கக் கூடாது மச்சி"ன்னு பதில் வரும்.

இந்த ரெண்டு கட்சியிலயும் நான் இல்லை. ஸ்டுடியோவிலும் மேடையிலும் பயன்படுகிற ஈக்வலைசரை வீட்டு ஹை-ஃபை செட்டில் சேர்ப்பது தப்பே இல்லை; நம்ம ஊர் கான்கிரீட் வீடுகளுக்கு அது தேவையும்கூட என்பதுதான் என் கருத்து. ஆனா நிபந்தனை உண்டு. ஒண்ணு, அளந்து பார்த்துட்டுத்தான் தொடணும். ரெண்டு, தொட்டா பெரும்பாலும் குறைக்கிறதுக்காகத் தொடணும். மூணாவதா ஒண்ணும் இருக்கு. அதை நான் ஒரு தப்புப் பண்ணித்தான் கத்துக்கிட்டேன். கடைசியில சொல்றேன்.

பெட்டி வீட்டுக்கு வந்த கதை

எங்க சித்தப்பா ரேடியோ செட் வச்சிருந்தவர். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம்னு இருபது வருஷத்துக்கு மேல ஊர் ஊரா பாக்ஸ் தூக்கினவர். போன வருஷம் தொழிலை விட்டுட்டு, குழாய் ஸ்பீக்கர்ல இருந்து கேபிள் வரைக்கும் வித்துட்டார். விக்காம வச்சது ஒண்ணே ஒண்ணு, 31 பேண்ட் ஸ்டீரியோ கிராஃபிக் ஈக்வலைசர். "இதை வித்தா என்னடா பெருசா கிடைக்கப் போகுது, வீட்டுல கிடக்கட்டும்"னு கொண்டு வந்து, ஹால்ல இருந்த பழைய ஸ்டீரியோ செட்டுல மாட்டிட்டார். பக்கத்துக்கு 50 வாட் ஆம்ப்ளிஃபையர், 8 இன்ச் ஊஃபர் வச்ச ரெண்டு பாக்ஸ், பென் டிரைவ் போடுற ஒரு பிளேயர். அவ்வளவுதான் செட்டு.

மாட்டினவர் கை பழக்கப்படி சிரிக்கிற வாயை வரைஞ்சிட்டார். செமஸ்டர் லீவுக்கு நான் போனப்போ வீடே அதிர்ந்துட்டு இருந்துச்சு. சித்தி சமையல்கட்டுல இருந்து, "என்னங்க, இங்க தட்டு டம்ளர் எல்லாம் ஆடுது. பாட்டுல என்ன சொல்றான்னுதான் ஒண்ணும் விளங்கலை"ன்னு சத்தம் போட்டாங்க. சித்தி சொன்ன அந்த ஒரு வரியில பிரச்சினை முழுசும் இருக்கு. ஆனா அது எனக்கு அப்போ புரியலை.

"ஒரிஜினல்" எங்கே இருக்கு?

முதல்ல "தொடக் கூடாது" கட்சிக்காரங்களுக்குப் பதில் சொல்லிடறேன்.

ஈக்வலைசர்ங்கிற பேரே "சமமாக்குவது" என்பதில் இருந்து வந்தது. தொலைபேசிக் கம்பி நீளமாகும்போது உச்ச ஒலிகள் அதிகமாகத் தேய்ந்து போகும். அந்த இழப்பை ஈடுகட்டிச் சமமாக்கத்தான் இந்தச் சுற்றுகள் முதலில் வந்தன. பிறகு சினிமா ஒலிப்பதிவு, இசைப்பதிவு என்று பரவின. 1951-ல் அமெரிக்காவின் பல்ஸ் டெக்னிக்ஸ் கம்பெனி கொண்டு வந்த ஈக்வலைசர் "பல்டெக்" என்ற பேரில் ஸ்டுடியோக்களில் இன்றைக்கும் மதிக்கப்படுது. 1952-ல் பீட்டர் பாக்ஸன்டால் இங்கிலாந்தின் "வயர்லெஸ் வேர்ல்ட்" இதழில் எழுதிய சுற்றுதான், நம்ம வீட்டு ஆம்ப்ளிஃபையரில் பேஸ், ட்ரெபிள் என்று ரெண்டு குமிழாக உட்கார்ந்திருக்கு. 1972-ல் ஜார்ஜ் மாசன்பர்க் பாராமெட்ரிக் ஈக்வலைசர் பற்றிய ஆய்வுரையை ஆடியோ எஞ்சினியர்கள் மாநாட்டில் வைத்தார். எந்த அதிர்வெண், எவ்வளவு அகலம், எத்தனை டெசிபல் என்று மூன்றையும் தனித்தனியாகத் திருப்பலாம் என்பது அதன் சிறப்பு.

ஆக, நீங்க கேட்கிற ஒவ்வொரு பாட்டும் வெளியே வருவதற்கு முன்னாலேயே பல ஈக்வலைசர்களைத் தாண்டித்தான் வந்திருக்கு. குரலுக்கு ஒண்ணு, டிரம்ஸுக்கு ஒண்ணு, கடைசியில் மாஸ்டரிங்கில் ஒண்ணு. "எல்பி ரெக்கார்டுதான் சுத்தமான சவுண்ட்"னு சொல்றவங்க இதையும் கவனிங்க. ரெக்கார்டு வெட்டும்போதே கீழ் ஒலிகளைக் குறைச்சு, மேல் ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டுவாங்க. 20 ஹெர்ட்ஸ் பக்கம் கிட்டத்தட்ட 20 டெசிபல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் கிட்டத்தட்ட 20 டெசிபல் கூடுதல். போனோ ஆம்ப்ளிஃபையர் அதைத் தலைகீழாகத் திருப்பித் தந்தால்தான் பாட்டு பாட்டாகக் கேட்கும். ஈக்வலைசர் இல்லாம எல்பி-யே கிடையாது.

இதுக்கெல்லாம் மேல ஒரு பெரிய ஈக்வலைசர் உங்க வீட்டுல ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கு. சுவிட்சே இல்லாத அந்த ஈக்வலைசர் உங்க அறைதான்.

அறை பண்ற வேலை

சித்தப்பா வீட்டு ஹால் 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். சுவர் சிமென்ட் பூச்சு, தரை டைல்ஸ், மேலே கான்கிரீட். ரெண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி போய் மோதித் திரும்பும்போது, சில அதிர்வெண்களில் அது தன்மேலேயே ஏறி நின்னுடும். முதல் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க நமக்குத் தெரிஞ்ச கணக்குதான்: ஒலியின் வேகத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்கணும். 12 அடி என்பது 3.66 மீட்டர். 343-ஐ 7.32-ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒரே அளவாக இருப்பதால் 56-ல் ரெண்டு அதிர்வும் சேர்ந்து விழுது. பேஸ் கிட்டாரின் கீழ்க் கம்பியின் சுருதிகள் 41 ஹெர்ட்ஸ்ல தொடங்குது. அப்போ பேஸ் கிட்டார் ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் போறப்பவும் ஹால் கூடச் சேர்ந்து பாடும்.

கணக்கு மட்டும் போதாதுன்னு அளந்தும் பார்த்தேன். நண்பன்கிட்ட இருந்து ஒரு மெஷர்மென்ட் மைக் கடன் வாங்கினேன். "ரூம் ஈக்யூ விசார்ட்" என்ற மென்பொருள் இலவசம். அது கீழிருந்து மேல் வரைக்கும் ஒரு ஊளைச் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓட்டி, மைக்கில் வருவதை வரைபடமாகப் போட்டுத் தரும். ஈக்வலைசரை பைபாஸில் வச்சு, சித்தப்பா உட்காருகிற நாற்காலியில், அவர் காது உயரத்தில் மைக்கை நிறுத்தி ஓட்டினேன். 56 பக்கத்துல ஒரு மலை. சுத்துவட்டாரத்தைவிட 10 டெசிபல் உயரம். 94 பக்கத்துல ஒரு கிணறு. இந்த மலைமேலதான் சித்தப்பா தன் சிரிப்பையும் ஏத்தி வச்சிருந்தார். தட்டு டம்ளர் ஆடாம என்ன செய்யும்?

ஏன் குறைக்கணும், ஏன் கூட்டக் கூடாது?

மலையைப் பார்த்தா வெட்டணும்னு தோணும். கிணத்தைப் பார்த்தா நிரப்பணும்னு தோணும். முதலாவது சரி, ரெண்டாவது வீண்.

அந்த 94 ஹெர்ட்ஸ் கிணறு எப்படி வந்துச்சுன்னு பாருங்க. நாற்காலி பின்சுவரில் இருந்து 3 அடி தள்ளி இருந்தது. ஒலி காதைத் தாண்டி 3 அடி போய், சுவரில் மோதி, 3 அடி திரும்பி வருது. மொத்தம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர். 94 ஹெர்ட்ஸின் அலைநீளத்தில் இது சரியாகப் பாதி. நேரா வர்ற அலை மேலே ஏறும்போது திரும்பி வர்ற அலை கீழே இறங்கும். ரெண்டும் அடிச்சுக்கிட்டுக் காணாமப் போயிடும். ஈக்வலைசரில் 94-ஐக் கூட்டினா நேரடி அலையும் கூடும், திரும்பி வர்றதும் அதே அளவு கூடும். கிணறு கிணறாவே இருக்கும். ஆனா ஆம்ப்ளிஃபையர் மட்டும் மூச்சு வாங்கும். 6 டெசிபல் கூட்டினா அந்தப் பகுதியில் 4 மடங்கு பவர் வேணும். 12 டெசிபலுக்கு கிட்டத்தட்ட 16 மடங்கு. 50 வாட் ஆம்ப்ளிஃபையரில் அதுக்கு எங்கே போறது? சிக்னல் தலை வெட்டுப்படும், பிறகு ட்வீட்டர் புகையும்.

அந்தக் கிணத்துக்கு மருந்து ஈக்வலைசரில் இல்லை. நாற்காலியை 2 அடி பின்னாடி தள்ளினேன். 94-ல் இருந்த கிணறு போயிடுச்சு. செலவு ஒண்ணும் இல்லை. அதனாலதான் சொல்றேன், நாற்காலி, ஸ்பீக்கர், திரைச்சீலை, மெத்தை எல்லாத்தையும் நகர்த்திப் பார்த்த பிறகு கடைசியாகத்தான் ஈக்வலைசரில் கை வைக்கணும்.

மலை அப்படி இல்லை. அந்த இடத்தில் அறை சும்மா கிடைக்கிற ஒலியைச் சேர்த்துத் தருது. நாம அனுப்புறதைக் குறைச்சா வந்து சேர்றதும் குறையும், ஆம்ப்ளிஃபையருக்கும் ஓய்வு. இங்கதான் 31 பேண்ட் பெட்டியின் ஒரு குறையும் தெரிஞ்சது. அதில் ஸ்லைடர்கள் 40, 50, 63, 80 என்று மூன்றில் ஒரு ஆக்டேவ் இடைவெளியில் நிற்குது. நம்ம மலையோ 56-ல், 50-க்கும் 63-க்கும் சரியா நடுவுல. ரெண்டையும் ஆறு ஆறு டெசிபல் இறக்கி, மறுபடி அளந்து, கொஞ்சம் திருத்தி, ஒருவழியா அடக்கினேன். பாராமெட்ரிக்கா இருந்தா 56-லயே நிறுத்தி, குறுகலா வெட்டிட்டுப் போயிருக்கலாம்.

இன்னொரு விஷயம். இந்தத் திருத்தம் எல்லாம் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் நம்பகமா வேலை செய்யும். வீட்டு அறை அளவுக்கு அதுக்கு மேல போனா, தலையை நாலு இன்ச் நகர்த்தினாலே வரைபடம் மாறிடும். அங்கே தெரியுற ஒவ்வொரு சின்ன மேடு பள்ளத்தையும் ஸ்லைடரில் துரத்தினா பைத்தியம்தான் பிடிக்கும்.

இணைக்கிறப்போ கவனிக்க வேண்டியது

ஸ்டுடியோ பெட்டியும் வீட்டு செட்டும் வேற வேற பாஷை பேசும். ஸ்டுடியோ கருவிகளின் வழக்கமான அளவு +4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளுக்கு -10 டிபிவி, 0.316 வோல்ட். கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம். பெட்டியின் பின்னாடி இந்த அளவை மாற்ற சுவிட்ச் இருந்தா போடுங்க. இல்லைன்னா பாட்டு மெல்லிசா வரும், கூடவே "ஸ்ஸ்ஸ்" இரைச்சல் முன்னாடி வந்து நிக்கும்.

ஆர்சிஏ வயரை எக்ஸ்எல்ஆர் இன்புட்டில் சேர்க்கிறப்போ சிக்னல் பின் 2-க்கு. பின் 3-ஐயும் பின் 1-ஐயும் சேர்த்து கிரவுண்டுக்கு. அவுட்புட் பக்கம் பெட்டிக்குப் பெட்டி மாறும். கையேட்டைப் பார்க்காம பின் 3-ஐ ஷார்ட் பண்ணிடாதீங்க. பழைய ஆம்ப்ளிஃபையரில் டேப் மானிட்டர்னு ஒரு சுவிட்ச் இருக்கும். ஈக்வலைசரை நுழைக்க அதைவிட நல்ல வாசல் கிடையாது. "ம்ம்ம்"னு கரண்ட் சத்தம் வந்தா எல்லாத்தையும் ஒரே பவர் போர்டுல மாட்டிப் பாருங்க. எர்த் பின்னை மட்டும் வெட்டிடாதீங்க. நம்ம சீனியர்ஸ் சில பேர் இதைத் தைரியமா சொல்லித் தருவாங்க. கேட்காதீங்க. உயிர் போற விஷயம்.

பைபாஸ் பட்டனை அமுக்கி ஒப்பிடும்போது ரெண்டு பக்கமும் ஒரே அளவு சத்தமா இருக்கணும். கொஞ்சம் கூடுதல் சத்தமா இருக்கிறதுதான் நல்லா இருக்குன்னு காது சொல்லிடும். சிரிக்கிற வாய் இத்தனை பேருக்குப் பிடிக்க அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் நியாயமானது. மெதுவா கேட்கிறப்போ நம்ம காதுக்குக் கீழ் ஒலி குறைவாத்தான் விழும். 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைஞ்சு காட்டிட்டாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மெல்லமா வச்சுக் கேட்கிறவர் பேஸைக் கொஞ்சம் ஏத்தினா நான் சண்டைக்கு வர மாட்டேன். அதே சிரிப்பை வச்சுக்கிட்டு வால்யூமையும் முழுசா திருப்புறப்போதான் பிரச்சினை.

நான் பண்ணின தப்பு

இப்போ அந்த மூணாவது நிபந்தனை.

எல்லாம் முடிச்சு வரைபடம் ஒழுங்கா வந்ததும் எனக்குப் பெருமை தாங்கலை. கீழ் ஸ்லைடர்களைத் தவிர எல்லாத்தையும் பூஜ்யத்தில் வச்சேன். சித்தி, "இப்பதான்டா பாடுறவன் வாய் தெரியுது"ன்னாங்க. சித்தப்பா மட்டும், "போர்வையைப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்குடா"ன்னார். எழுந்து போய் 3.15, 4, 5, 6.3 கிலோஹெர்ட்ஸ் ஸ்லைடர்களை மேல தள்ளினார். அவர் வெளியே போனதும் நான் கீழ இறக்கினேன். திரும்பி வந்து மறுபடியும் ஏத்தினார். ஒரு வாரம் இதே கூத்து. ஒரு நாள் பொறுமை இழந்து, "வரைபடம் நேரா இருக்கு சித்தப்பா. உங்களுக்குத்தான் காது கேட்கலை"ன்னு சொல்லிட்டேன்.

அவர் கோபப்படலை. "ஆமாண்டா, கேட்கலைதான். மூணு நாலு வருஷமாவே. உங்க சித்திகிட்ட சொல்லிடாதே"ன்னார்.

சித்திகிட்ட சொன்னேன். ரெண்டு பேருமா அவரைக் கட்டாயப்படுத்திக் காது பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்கே கொடுத்த தாளில் ஒரு வரைபடம். 2,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பரவாயில்லாம வந்த கோடு, 4,000 பக்கத்துல பள்ளத்தில் விழுந்திருந்துச்சு. பாக்ஸ் ஓரமா நின்னே பழகின இடது காதில் இன்னும் ஆழம். அதிக சத்தத்தால கெட்டுப் போகிற காதுக்கு இதுதான் அடையாளம், முதல் அடி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழும்னு டாக்டர் சொன்னார். நான் அந்தத் தாளைத் தலைகீழாத் திருப்பிப் பார்த்தேன். ஒரு வாரமா சித்தப்பா ஏத்தி ஏத்தி வச்ச ஸ்லைடர் வரிசை அப்படியே இருந்துச்சு. எந்த மைக்கும் மென்பொருளும் இல்லாம, தன் காதில் இல்லாமப் போனதை அவர் விரலாலேயே தேடிக்கிட்டு இருந்திருக்கார். நான் அதைத் தப்பு, தப்புன்னு அழிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

அதனால மூணாவது நிபந்தனை இதுதான்: மைக் சொல்றதைக் கேளுங்க, கூடவே கேட்கப் போற ஆளையும் கேளுங்க. அறையின் குறையைத் திருத்த வரைபடம் உதவும். நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது.

இப்போ எங்க வீட்டில் ஒரு சமரசம் ஓடுது. கீழே என் வெட்டு அப்படியே இருக்கு. மேலே அவருக்காக 3 டெசிபல் மட்டும் கூட்டியிருக்கோம். அதுக்கு மேல வேண்டாம்னு அவரே சொல்லிட்டார். ஏன்னா கீழ இரைச்சல் அடங்கினதும் அவருக்கே குரல் முன்பைவிடத் தெளிவா கேட்குது. கீழ் ஒலி பலமா இருந்தா அது மேல் ஒலிகளை மூடிடும். சித்தி சமையல்கட்டுல இருந்து சொன்ன புகார் அதைத்தான் சொல்லுச்சு. வால்யூம் குமிழ் முன்னாடி ரெண்டு மணி முள் நிக்கிற இடத்தில் இருக்கும். இப்போ பதினொண்ணுல நிக்குது. இந்த ஈக்வலைசர் எங்க வீட்டுக்குப் பண்ணின நல்ல காரியத்தில் பெருசு அதுதான்னு நினைக்கிறேன்.

காது மெஷின் வச்சுக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கார். ஒவ்வொரு காதுக்கும் அளந்து போட்ட ஈக்வலைசர் மாதிரிதான் அதுவும், கூடவே ஒலியை அமுக்கிக் கொடுக்கிற ஒரு கம்ப்ரஸரும் சேர்ந்திருக்கும்னு விளக்கிச் சொன்னேன். "பார்க்கலாம்"னார். இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார்.

நீங்க என்ன செய்யலாம்?

பெட்டியெல்லாம் வாங்கணும்னு அவசியம் இல்லை. சித்தப்பா பென் டிரைவ்ல பாட்டுக் கேட்கிறவர், அவருக்குப் பெட்டி தேவை. லேப்டாப்ல கேட்கிறவங்களுக்கு விண்டோஸில் "ஈக்வலைசர் ஏபிஓ" இலவசமா கிடைக்குது, அதில் பாராமெட்ரிக்கே இருக்கு. இன்னைக்கு ராத்திரி அந்தச் சிரிக்கிற கோட்டைத் தலைகீழா நினைச்சுப் பாருங்க. நடுவைக் கேட்கணும்னா நடுவை ஏத்தாதீங்க, ரெண்டு ஓரத்தையும் இறக்குங்க. ரெண்டு நாள் காது பழகட்டும். அப்புறம் பழைய செட்டிங்குக்குத் திரும்பிப் போய்ப் பாருங்க.

கடைசியா, அடுத்த கல்ச்சுரல்ஸ்ல சவுண்ட் டீம்ல நிக்கப் போற வாலண்டியர்ஸுக்கு ஒரு வார்த்தை. 85 டெசிபல்னா 8 மணி நேரம் வரைக்கும்தான் காது தாங்கும்னு பாதுகாப்பு வழிகாட்டிகள் சொல்லுது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். மேடைப் பாக்ஸ் பக்கத்துல அது சர்வ சாதாரணம். மெடிக்கல் ஷாப்புல சின்னதா காது அடைப்பான் கிடைக்கும். வாங்கி வச்சுக்கிட்டு நில்லுங்க. பக்கத்துல நிக்கிற ரேடியோ செட் அண்ணனுக்கும் ஒரு ஜோடி கொடுங்க. சிரிச்சுட்டு வேண்டாம்பார். ரெண்டாவது தடவையும் கொடுங்க.